அடுக்களைச் சுவர் காய்ந்த வருஷம்

பின்கதவு திறக்கவில்லை.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மூன்று நாளாகக் கொட்டிய மழை அப்போதுதான் தூறலாகக் குறைந்திருந்தது. விறகு எடுக்கலாம் என்று தாழ்ப்பாளை நீக்கித் தள்ளினேன். கதவு அசையவில்லை. ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்று தோளைக் கொடுத்து முட்டினேன். அப்போதும் அசையவில்லை. குனிந்து பார்த்தால், கதவின் அடி இடுக்கு வழியாகச் சிவப்புச் சேறு அடுக்களைக்குள் வந்துகொண்டிருந்தது. என் கால்விரல்களுக்கு நடுவில் ஏறியது. குளிர்ந்து கிடந்தது.

"ஏனுங்க, சித்தெ இங்க வாங்க" என்று கூப்பிட்டேன்.

என் வீட்டுக்காரர் முன்வாசல் வழியாக வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். நானும் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு போனேன்.

வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு நின்ற மண்கரை சரிந்து அடுக்களைச் சுவரில் சாய்ந்து கிடந்தது. கரைக்கு மேலே நாங்கள் குடும்பத்தோடு இடுப்பொடிய வெட்டிய மூன்று பாத்திகளில் கீழ்ப் பாத்தியைக் காணவில்லை. அவரைக் கொடி, கொடிக்கு ஊன்றிய குச்சி, ஓரத்துக்குப் பதித்த பீங்கான் எல்லாம் சேற்றுக்குள் போய்விட்டன.

அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"அப்ப இந்த வருசமும் புள்ளய மேல கூட்டியார முடியாது."

மண் சரிந்ததற்கு நான் அழவில்லை. இதைக் கேட்டதும் அழுதேன்.

ராணி வாழ்க்கை

மூணாறுக்குப் பக்கத்துச் சித்திரபுரத்துக்குக் குடிபோன கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, 'மலையில், பனிக்கு நடுவில், தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு ராணி மாதிரி இருந்திருப்பீர்கள்' என்று எழுதியிருக்கிறார். அம்மா தாயே, ராணிக்குப் பேசுவதற்காவது ஒரு தோழி இருந்திருப்பாள்.

அது எழுபதுகளின் தொடக்கம். எந்த வருஷம் என்று கேட்காதீர்கள், எனக்கு வருஷங்கள் மழையை வைத்துத்தான் நினைவிருக்கின்றன. என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் லைன் வேலை பார்த்தார். குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். மலைச்சரிவைச் செதுக்கி, செதுக்கிய இடத்தில் கட்டிய வீடு. முன்னால் ஒரு அறை, பின்னால் அடுக்களை. அடுக்களைக்குப் பின்னால் நாலு முழ அகலத்துக்குச் சமதளம், அதையொட்டி அந்த மண்கரை, கரைக்கு மேலே உண்ணிச்செடியும் பெரணியும் மண்டிய சரிவு. சரிவு முடிகிற இடத்தில் தேயிலை எஸ்டேட்டின் எல்லை. சரிவும் வீட்டோடு சேர்ந்ததுதான்.

நானும் அவரும் கொல்லங்கோட்டுப் பக்கத்துக்காரர்கள். எங்கள் ஊரில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசினால் துவைத்த துணி கையிலிருந்து கொடிக்குப் போவதற்குள் காய்ந்துவிடும். இங்கே போட்ட துணி நாலு நாளைக்கு அப்படியே இருக்கும். அவர் காலையில் கம்பிச்சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு போனால், மழைக்காலத்தில் இரண்டு நாள் கழித்துக்கூட வருவார். எங்கே மரம் விழுந்து கம்பி அறுந்ததோ அங்கேதான் படுக்கை.

பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை. ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வரும், வேறு யாரும் வரமாட்டார்கள். மத்தியானம் எஸ்டேட் சங்கு ஊதினால், 'ஓ, பன்னிரண்டாயிடுச்சா' என்று நானே உரக்கச் சொல்லிக்கொள்வேன். அன்றைக்கு நான் பேசிய முதல் பேச்சு அதுவாக இருக்கும். எனக்குத் தனிமை தாங்கவில்லை. அதை அப்போது ஒருவரிடமும் சொன்னதில்லை, சொன்னால் 'புருஷன் இருக்கிறான், சோறு இருக்கிறது, என்ன கேடு' என்பார்கள்.

வசந்தியும் சுவரும்

முதலில் நான் தனியாக இல்லை. என் மகள் வசந்தி கூட இருந்தாள். தாய்வீட்டில் பிறந்து, ஆறு மாதத்தில் என்னோடு மலை ஏறி வந்தவள்.

முதல் மழை பிடித்தது. கரையிலிருந்து ஊறிய தண்ணீர் சுவர் அடியில் தேங்கி, அடுக்களைச் சுவர் என் கழுத்து உயரத்துக்கு நனைந்தது. உள்ளங்கையை வைத்தால் ஈரம் ஒட்டும். அடுப்பு இருக்கிற இடம்தானே சூடு என்று குழந்தையை அங்கேதான் படுக்க வைத்திருந்தேன். அவளுக்கு இளைப்பு வந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற சத்தம் கேட்கும். இரண்டாவது மழைக்கு அது முற்றியது. சுவர் காய்கிறவரைக்கும் இந்தக் குழந்தையை இந்த வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கொல்லங்கோட்டில் என் அக்கா இருந்தாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். கல்யாணமாகிப் பத்து வருஷமாகியும் குழந்தை இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொன்னால் மறைத்து வைத்ததாக நினைப்பீர்கள்.

மூணாறு வந்து, மறையூர் வழியாக உடுமலை இறங்கி, பொள்ளாச்சி, கோவிந்தாபுரம் தாண்டிக் கொல்லங்கோடு போய்ச் சேர ஒரு முழுப் பகல் ஆகும். வசந்தியை அக்கா கையில் கொடுத்தபோது அவளுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. அக்கா வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"செவுரு காஞ்சதும் சொல்லியுடு சரசு. நானே கொண்டாந்து உடறேன்" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்தது. காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் அந்தச் சுவரில் கையை வைத்துப் பார்ப்பேன்.

மாமனார் வந்தார்

சுவரைச் சரிசெய்ய வீட்டுச் சொந்தக்காரச் சேட்டனிடம் கேட்டோம். நல்ல மனிதர்தான். "பொறகுவசத்துல என்ன வேணும்னாலும் செஞ்சுக்கோ, பைசா மாத்திரம் சோதிக்கண்டா" என்றார். பொறகுவசம் என்றால் பின்பக்கம், சோதிக்கண்டா என்றால் கேட்காதே. நாங்களும் கேட்கவில்லை. எங்களிடமும் பைசா இல்லை. ஆகவே அந்தப் புழக்கடையைக் கையால்தான் திருத்த வேண்டியிருந்தது.

கோடையில் ஊர்க்கிணறு வற்றியதும் என் மாமனார் மலைக்கு வந்தார். நாற்பது வருஷம் நெல்லும் கடலையும் விளைவித்தவர். பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குள் நுழையாமல், நேராகப் பின்னால் போய்ச் சரிவை அண்ணாந்து பார்த்தார். வேட்டி முடிச்சில் அவரை விதையும் கீரை விதையும் கொண்டுவந்திருந்தார்.

"இத்தாச்சோடு பொடக்காலிய வெச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கறீங்களே அம்மிணி" என்றார். எங்கள் ஊரில் இவ்வளவு பெரியது என்பதை இத்தாச்சோடு என்போம், புழக்கடையைப் பொடக்காலி என்போம்.

சுவர் நனைகிற கதையைச் சொன்னேன். வசந்தியின் இளைப்பைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே தரையில் குச்சியால் கோடு போட்டார்.

"மேல பெய்யற தண்ணிய மேலயே கட்டி நிறுத்திப்போட்டா, கீழ எப்புடி வரும்?"

எனக்கு அது நூற்றுக்கு நூறு சரியாகப் பட்டது. இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் நாங்கள் வளர்ந்த விதம் அப்படி. எங்கள் பக்கத்தில் மழை என்பது எப்போதோ வருகிற ஒறம்பரை, விருந்தாளி. வந்தால் கையைப் பிடித்து உட்கார வைப்போம், எழுந்து போக விடமாட்டோம். மழைத் தண்ணீரை ஓடவிட்டவனைப் பார்த்து ஊரே சிரிக்கும். சின்னப் பிள்ளையில் என் அப்பாவிடம் நான் வாங்கிய ஒரே அடி, வரப்பில் மடை திறந்துகிடந்ததைப் பார்த்தும் அடைக்காமல் வந்ததற்குத்தான்.

வேலை தொடங்கியது. மாமனாரும் நானும் பகலில். வீட்டுக்காரர் வேலைக்குப் போவதற்கு முன்பும், வந்த பிறகு இருட்டும் வரையிலும். உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கினோம், கையெல்லாம் கீறல். சரிவை மூன்று படிகளாக வெட்டிச் சமப்படுத்தினோம். சாமான் எல்லாம் இனாம். எஸ்டேட்டில் கவாத்து வெட்டிப் போட்டிருந்த தேயிலைக் குச்சியைக் கேட்டு வாங்கி அவரைக்கு ஊன்றுகோல் ஆக்கினோம். கம்பங்களில் உடைந்து, கழித்துப் போட்ட பீங்கான் இன்சுலேட்டர்களை ஓவர்சியரிடம் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் பையில் போட்டுக் கொண்டுவருவார், பாத்தி ஓரங்களில் கவிழ்த்துப் பதித்தேன். கம்பி சுற்றி வருகிற மர உருளையின் பலகை இரண்டு கிடைத்தது, அவை படிக்கட்டாயின. மாடு போகும் பாதையில் சாணி பொறுக்கினேன். கௌரவம் பார்க்கவில்லை, பார்க்கவும் அங்கே ஆள் இல்லை.

ஒவ்வொரு பாத்திக்கும் நாலு பக்கமும் வரப்பு வைத்தார் மாமனார். மண்ணை ஈரமாக்கி, குதிகாலால் மிதித்து மிதித்து இறுக்கினார். அவர் மிதிக்கிற தாளத்தைக் கேட்டுக்கொண்டே நான் மண் சுமந்தேன். அந்த இரண்டு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல வேண்டும். வீட்டில் இன்னொரு குரல் இருந்தது. மதியம் மூன்று பேராக உட்கார்ந்து சோறு தின்றோம். கையில் ஒரு வேலை இருந்தது, அந்த வேலையின் கடைசியில் என் பெண் இருந்தாள்.

"இது என்ன தெப்பக்குளமா?"

சரிவின் உச்சியில், எஸ்டேட் எல்லையில், கொழுந்து எடுக்க வருகிற பெண்களில் ஒருத்தி செல்லக்கனி. என் வயதுதான். பாட்டனார் காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். கூடையைத் தலையில் மாட்டியபடி மேலிருந்தே பேசுவாள். நான் 'ங்க' போட்டுப் பேசுவதைக் கேட்டு அவளுக்கு அடங்காத சிரிப்பு.

வரப்பு முடிந்த அன்று நின்று பார்த்தாள்.

"எக்கா, இது என்ன தெப்பக்குளமா கட்டுதிய? சாமி ஊர்கோலம் உண்டா?"

"காய் போடறதுக்குப் பாத்திங்க" என்றேன்.

"பாத்தியா? தண்ணி வெளிய போவ வழியக் காணோமே!"

மாமனார் நிமிர்ந்தார். "தண்ணி எதுக்கு அம்மிணி வெளிய போகோணும்?" என்று கேட்டார்.

செல்லக்கனி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். "எல கிள்ளிப் பொழைக்கற ஊருக்காரிக்கு வெள்ளாமையப் பத்தி என்ன தெரியும்?" என்றார் மாமனார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் பின்னால் சேறு அள்ளினேன்.

மழைக்கு ஒரு வாரம் முன்னால், கோடை மழைக்குக் கிணற்றில் ஊற்று எட்டிப் பார்த்திருக்கும் என்று மாமனார் ஊருக்குக் கிளம்பினார். வசந்தியைத் தூக்கிக்கொண்டு வர ஆவணியில் நாங்கள் போவதாகப் பேச்சு.

மழை வந்தது. முதல் பத்து நாள் பாத்திகளில் தண்ணீர் தளும்பி நின்றது. எனக்கு ஒரே பெருமை. கரையிலிருந்து கீழே ஒரு சொட்டு வழியவில்லை. ஆனால் காலையில் சுவரில் கையை வைத்தால் ஈரம் குறையவில்லை, கூடியது. என் தலைக்கு மேலே ஏறியது. ஏன் என்று புரியாமல், அடுப்பில் கூடுதலாக விறகு வைத்தேன். அப்புறம் அந்த மூன்று நாள் மழை, அப்புறம் அந்தக் கதவு.

கொல்லங்கோட்டுக் கடிதம்

சேற்றை அள்ளிப் போட ஒன்பது நாள் ஆயிற்று. விஷயத்தை எழுதி என் வீட்டுக்காரர் அக்கா வீட்டுக்குக் கடிதம் போட்டார். அக்காவுக்கு எழுதத் தெரியாது, அவள் சொல்லச் சொல்ல மச்சான் எழுதிய இன்லண்டு வந்தது. 'குழந்தை சௌக்கியம். இளைப்பு இல்லை. நன்றாகப் பேசுகிறாள். அவசரப்பட வேண்டாம். நிதானமாகச் செய்யவும்.'

நான் அந்தக் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன்.

"எதுக்கு இப்புடிக் கோவிச்சுக்கறே? நல்லதுக்குத்தான சொல்லியிருக்கறாங்க" என்றார் அவர்.

"அவுங்களுக்கு என்னங்க அவசரம்?" என்றேன். சொன்னதும் எனக்கே வாய் கசந்தது. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

வருஷத்துக்கு இரண்டு முறை ஊருக்குப் போய்ப் பார்த்தேன். முதல் முறை போனபோது வசந்தி அக்காவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மடியில் வைத்துக்கொண்டால் நெளிவாள். நாலு நாளில் பழகி, ஐந்தாம் நாள் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். ஆறாம் நாள் எனக்குப் பஸ். திரும்பி வந்து பூட்டைத் திறக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து வருகிற ஈர வாடை இருக்கிறதே, இன்றைக்கும் எங்கேயாவது பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்தால் முதலில் ஓடிப்போய் ஜன்னலைத் திறக்கிறேன்.

தண்ணீருக்கு வழி

மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்தது. சரிந்த கரையின் நடுவயிற்றிலிருந்து அப்போதும் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. மேலே ஏறி, மிச்சமிருந்த நடுப் பாத்தியில் ஒரு குச்சியைக் குத்தினேன். என் முழங்கை வரைக்கும் போயிற்று. உள்ளே கூழ். நாங்கள் மேலே கட்டி வைத்த தண்ணீர் எங்கேயும் போகவில்லை, மண்ணுக்குள் இறங்கி, கரை வழியாக நடந்து, என் அடுக்களைக்கு வந்திருக்கிறது. என் பெண்ணைத் தடுத்து நிறுத்திய தண்ணீரை நான்தான் சாணி போட்டுச் சேர்த்து வைத்திருந்தேன்.

அப்படியே குந்தி உட்கார்ந்தேன். எதிரே எஸ்டேட் மலை. தேயிலை வரிசைகளுக்கு நடுவே சாய்வாக ஓடுகிற வாய்க்கால்கள் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டன. கான் என்பார்கள். மேலே விழுகிற மழையை வாங்கி, மலையின் பக்கவாட்டில் கொண்டுபோய் ஓடையில் சேர்க்கிற கான். இரண்டு வருஷமாகத் தினமும் அந்த மலையைப் பார்த்துக்கொண்டுதான் பாத்திரம் தேய்த்தேன். பார்த்தேனே தவிர எங்கே கண்டேன்?

அந்த வாரம் செல்லக்கனி மேலே வந்தபோது, "சிரிக்கறதுன்னாச் சிரிச்சிருங்க" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு இறங்கி வந்தாள். சுவரின் கதையையும் வசந்தியின் கதையையும் சொன்னேன்.

"பிள்ளைக்காவவா இம்புட்டும் செய்தீய? அதச் சொல்லலியே நீங்க" என்றாள். மறுநாள் தைலம் காய்ச்சுகிற வாசனைப் புல்லில் ஒரு சாக்கு நிறையத் தூரைப் பிடுங்கிக்கொண்டு வந்து போட்டாள். "கரையில நடுங்க. வேரு மண்ணப் புடிச்சுக்கிடும்."

மறுபடியும் முதலிலிருந்து. இந்த முறை இரண்டே பேர். வரப்புகளை உடைத்தோம். சரிவின் தலையில், குறுக்கே, ஓடைப் பக்கம் சாய்வாக ஒரு கான் வெட்டினோம். சுவருக்கும் கரைக்கும் நடுவில் இன்னொன்று. கரை அடியில் ஓடைக் கல்லை அடுக்கினோம். கல் சுமந்து என் உச்சந்தலையில் ரூபாய் அகலத்துக்கு முடி கொட்டியது, பிறகு முளைத்தது. அவர் வேலைக்குப் போன நாட்களில் நான் தனியாகச் சுமந்தேன். ஓடைக்கும் வீட்டுக்கும் நடக்கிற நடையில் வசந்தியோடு பேசிக்கொண்டே நடப்பேன். 'இதோ இந்தக் கல்லு உனக்கு உக்கார' என்பேன். கேட்டிருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள்.

கோடையில் மாமனார் மறுபடி வந்தார். உடைந்த வரப்புகளைப் பார்த்தார். மத்தியானம் சோறு சரியாக உண்ணவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. சாயங்காலம் எழுந்து, தானே மம்முட்டியை எடுத்துக்கொண்டு போய், மேல் பாத்தியைக் கான் பக்கமாகச் சரித்து இழுக்க ஆரம்பித்தார்.

"தண்ணிய வெரட்டி உடற ஊரு" என்றார் என்னைப் பார்க்காமல். "இத்தன வயசுக்கு மேல இதையும் பண்ண வேண்டியிருக்குது."

கடைசிக் கல்லை வைக்கும்வரை ஊருக்குப் போகவில்லை அவர்.

அடுத்த மழை வந்தது. கான் நிறைந்து ஓடுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. ஒவ்வொரு காலையும் சுவரில் கையை வைத்தேன். முதல் வாரம் கொஞ்சம் ஈரம். இரண்டாம் வாரம் இடுப்புக்குக் கீழே மட்டும். ஆடி பிறந்தபோது சுவரில் கையை வைத்தேன், கையில் சுண்ணாம்புத் தூள்தான் ஒட்டியது. அந்தக் கையை நான் வெகுநேரம் கழுவவில்லை.

அக்கா வந்தாள்

சொன்ன சொல் தவறாமல் அக்காவே கொண்டுவந்தாள். ஆவணி முதல் வாரம். நல்ல மழை. ரோட்டில் ஜீப் நின்றது, அக்கா இறங்கினாள், அவள் இடுப்பிலிருந்து நாலு வயது வசந்தி இறங்கினாள்.

என்னைத் தெரியாமல் ஒளிந்துகொள்வாள் என்று நெஞ்சைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தேன். அவள் நேராக ஓடிவந்து, "அம்மா!" என்று என் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

அக்கா என்னிடம் நலம்கூட விசாரிக்கவில்லை. நனைந்த சேலையோடு நேராக அடுக்களைக்குள் போனாள். சுவரில் உள்ளங்கையை வைத்தாள். இன்னும் கீழே குனிந்து வைத்தாள். மூலையில் வைத்தாள்.

"நல்லாக் காஞ்சிருக்குது" என்றாள்.

அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, காப்பி போடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

எட்டு நாள் இருந்தாள். சும்மா இருக்கத் தெரியாதவள். பீர்க்கைக்குப் பந்தல் போட்டாள், புல் அடர்த்தி குறைந்த இடத்தில் பிடுங்கி நட்டாள், கானில் அடைத்த இலையை அள்ளினாள். வசந்தி அவள் பின்னாலேயே நடந்தாள். காலையில் நான் எழுந்து போனால் அக்கா எனக்கு முன்னால் எழுந்து அந்தச் சுவர் பக்கத்தில் நிற்பாள். எட்டு நாளும் மழை. எட்டு நாளும் சுவர் காய்ந்தே இருந்தது.

ஏழாம் நாள் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தோம். கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"இன்னொரு மழ பாத்துப்போட்டுக் கூட்டியாந்தா ஆகாதா சரசு? ஒரு வருசம் காஞ்சதெ வெச்சு நம்பிர முடியுமா?"

"காஞ்சிருச்சுங்க்கா" என்றேன்.

"ஆமா" என்றாள். "காஞ்சுதான் கெடக்குது."

முந்தானையில் காயைக் கட்டிக்கொண்டு படியில் இறங்கினாள்.

அன்று சாயங்காலம் வசந்திக்குத் தலைவாரும்போது கேட்டேன், அம்மாவை எப்படி அடையாளம் தெரிந்தது என்று. கொல்லங்கோட்டு வீட்டில் எங்கள் கல்யாணப் படம் ஒன்று மாட்டியிருக்கும். தினமும் விளக்கு வைத்ததும் பெரியம்மா தன்னைத் தூக்கி அந்தப் படத்துக்குப் பக்கத்தில் காட்டுவாளாம். 'இது ஆரு?' என்று கேட்பாளாம். 'அம்மா' என்று சொன்னால்தான் சோறாம். ஒருநாள் தான் பெரியம்மாவையே அம்மா என்று கூப்பிட்டதற்கு, பெரியம்மா திட்டிவிட்டுப் பிறகு அழுதாளாம். இதையெல்லாம் வசந்தி பொம்மை விளையாட்டைச் சொல்வது போலச் சொன்னாள்.

இரண்டு வருஷம், ஒவ்வொரு நாளும் விளக்கு வைத்ததும், என் அக்கா என் பெண்ணை எனக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவுங்களுக்கு என்ன அவசரம் என்று கேட்டவள் நான்.

மறுநாள் காலை பஸ். மூணாறு வரை கொண்டுபோய் விட என் வீட்டுக்காரர் கூடப் போனார். ரோட்டோரத்தில் நின்றோம். வசந்தி என் இடுப்பில் இருந்தாள். பெரியம்மா கடைக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு, பொரி வாங்கிவரச் சொன்னாள். அக்கா சரி என்றாள். குழந்தையைத் தொடவில்லை. தொட்டால் கிளம்ப முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எங்களைப் பார்க்காமல் முன்னால் பார்த்தபடி இருந்தாள். அவள் போய் இறங்கப்போகிற வீட்டில், விளக்கு வைத்த பிறகு செய்வதற்கு இனிமேல் ஒன்றும் இல்லை என்பது எனக்கு வருஷங்கள் கழித்துத்தான் புரிந்தது என்று எழுதினால் அது பொய். அங்கேயே, அந்த ரோட்டோரத்திலேயே தெரியும். பிள்ளையை விட்டுவிட்டு வந்து வீட்டுக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்று என்னைவிட நன்றாக அறிந்தவர் யார்?

இன்னும் பத்து நாள் இருந்துவிட்டுப் போங்கக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் இறங்கிவிடுவாள் என்று பயந்து, வாயை மூடிக்கொண்டு, பஸ் வளைவில் திரும்புகிறவரை கையாட்டிக்கொண்டு நின்றேன்.